வலப்பக்க யன்னலில் ஒரு கறுப்புப் பொட்டு

1

எங்கள் வீட்டில் வருடத்துக்கு நான்கு பிறந்தநாள்கள் வரும். என்னுடையது, என் கணவர் தில்லையுடையது, மகள் மதுராவுடையது, கராஜில் நிற்கும் விமானத்துடையது. இந்த நான்கில் என் கணவர் யாரும் ஞாபகப்படுத்தாமலே கேக் வாங்கி வருவது கடைசிப் பிறந்தநாளுக்கு மட்டும்தான். அதன் வால்பகுதி பெட்டியில் வந்து இறங்கிய நாளைத்தான் அவர் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார். போன கிழமை அதற்கு ஒன்பது வயது முடிந்தது. மெழுகுதிரியை அவரே ஏற்றி, அவரே பாட்டுப் பாடி, அவரே ஊதி அணைத்தார். இவ்வளவு வருடமும் இந்தச் சடங்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்ற நான், இந்தமுறை சிரித்துக்கொண்டு முதல் துண்டை எடுத்தேன். அது எப்படி நடந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மட்டக்களப்பிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் நான் கதை விடுகிறேன் என்று நினைப்பார்கள். கனடாவில், பாதிக்கு மேற்பட்ட வேலையைத் தன் கையாலேயே செய்தால், ஒரு மனிதன் தன் வீட்டில் தனக்கென்று ஒரு விமானம் செய்துகொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஊரில் ஒரு வள்ளத்துக்கு இலக்கம் எடுக்கவே கந்தோருக்கும் வீட்டுக்குமாக நாலு தரம் அலைந்தவர்கள் நாங்கள். இங்கே விமானத்துக்கு விண்ணப்பித்தால் கடிதத்தின் கடைசியில் வாழ்த்தும் சொல்லி அனுப்புகிறார்கள். என்ன தேசமோ, எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அவர் ஒரு பாண் சுடும் தொழிற்சாலையில் மெஷின் திருத்துகிறார். மாலையில் வந்து, தேநீரைக் குடித்துவிட்டு கராஜுக்குள் போனால் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை வெளியே வரமாட்டார். கார் வெளியே பனியில் நிற்கும். காலையில் பனியைச் சுரண்டுவது நான். வார இறுதிகளில் பறக்கப் பழகி, அதற்கான அனுமதிப் பத்திரமும் எடுத்து வைத்திருந்தார். இரண்டு பேர் இருக்கக்கூடிய சின்ன விமானம். கதவு ஒன்றுதான், அதுவும் ஓட்டுகிறவர் பக்கம். மற்றவர் பக்கத்தில் கதவில்லை, ஒரு யன்னல் மட்டும். ஏன் என்று கேட்டதற்கு, கதவு பாரம் என்றார். நான் இறங்க வேண்டுமென்றால் அவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும்.

“முதல் ஆளா உன்னத்தான் ஏத்துவன் பவளம்,” என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்வார்.

“முதல்ல யன்னலுக்குக் கண்ணாடியப் போடுங்க. மறுகா பாப்பம்,” என்பேன்.

நான் சும்மா சொல்லவில்லை. கண்ணாடி வேலை என்றால் அவருக்கு நடுக்கம் என்று எனக்குத் தெரியும். இறக்கை, சக்கரம், மின்வயர் என்று எல்லாவற்றையும் முடித்தவர், கண்ணாடியை மட்டும் அடுத்த கோடைக்கு, அடுத்த கோடைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தார். வெடித்துவிடும், வெட்டும்போது பிளந்துவிடும் என்று ஆயிரம் காரணம் சொன்னார். எனக்கு அது வசதியாகப் போயிற்று. அந்தக் கண்ணாடி இந்தப் பிறவியில் பூட்டப்படாது என்ற நம்பிக்கையில்தான் வருடக்கணக்காக நிம்மதியாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

2

நான் பயந்தாங்கொள்ளி இல்லை. பனிமழையில் கார் ஓட்டுவேன். வேலைத்தலத்தில் மேலாளரோடு சண்டை பிடிப்பேன். ஆனால் வானத்தில் இயந்திரச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் என் கை செய்வதை நிறுத்திவிடும். நான் கொக்கட்டிச்சோலைப் பக்கம் பிறந்தவள். யுத்தம் நடந்த எங்கள் காலத்தில் வானத்தில் சத்தம் கேட்டால் வட்டைக்குள் வயல்வேலை செய்துகொண்டிருந்தவர்கள் அப்படியே வரம்போடு வரம்பாகப் படுத்துவிடுவார்கள். யாரும் அண்ணாந்து பார்த்து, வடிவாயிருக்கிறது என்று சொன்னதில்லை.

சொன்னவர் ஒருவர் இருந்தார். வாவிக்கு மற்றப் பக்கம், அமிர்தகழியில். ஊரே பங்கருக்குள் இறங்கிய பிறகும் வளவுக்குள் நின்று வாயைப் பிளந்துகொண்டு அண்ணாந்து பார்த்த பையன். அவருடைய அக்கா பூரணம் ஒவ்வொரு முறையும் மேலே வந்து, காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உள்ளே தள்ளுவாவாம். அந்த இடக்காது மற்றதைவிடக் கொஞ்சம் நீளம் என்று நான் சொல்வதுண்டு. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகுதான் இந்தக் கதையை எனக்குச் சொன்னார்கள். முன்னமே சொல்லியிருந்தால் யோசித்திருப்பேன்.

போதாக்குறைக்கு அரசாங்கத்தின் ஒட்டுத்தாள் வேறு. வீட்டில் செய்த விமானம் என்றால், பக்கத்தில் இருக்கிறவரின் கண்ணில் படும்படி ஒரு அறிவிப்பை ஒட்டியாக வேண்டும். இந்த விமானம் வழக்கமான பாதுகாப்புத் தரங்களின்படி செய்யப்பட்டதல்ல என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. அவர் அதை மிகவும் நேராக, மட்டம் வைத்து ஒட்டினார். நான் வருடக்கணக்காகச் சொன்னதைத்தான் அரசாங்கம் அச்சடித்துத் தந்திருக்கிறது என்றேன். அது சும்மா சம்பிரதாயம் என்றார்.

இப்படி இருக்கையில்தான் போன இலையுதிர்காலத்தில் ஒரு பெரிய பெட்டி வந்தது. கண்ணாடிகள். அவர் எனக்குச் சொல்லாமலே கேட்டு எடுப்பித்திருக்கிறார்.

கண்ணாடி என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர அது அக்ரிலிக். பல்லில்லாதவர்களுக்குப் பல்லுச் செட் செய்கிற அதே இனம். எனக்கு அது நன்றாகத் தெரியும், ஏனென்றால் என் தொழிலே பல்லுச் செட் செய்வதுதான். இந்த நாட்டுக்கு வந்த மூன்றாம் வருடத்திலிருந்து ஒரு பல் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். பெட்டியைத் திறந்ததும், “இது நம்மட பல்லுச் சாமானெல்லா,” என்றேன்.

“சும்மா பறையாத பவளம். அது வேற, இது வேற. இது ஆகாயத்துக்குப் போற சாமான்,” என்றார்.

சரி என்று விட்டுவிட்டேன். அதன்பிறகு அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். குளிரில் வைத்து வெட்டினால் வெடிக்கும். விளிம்பில் நகக்கீறல் அளவு பள்ளம் இருந்தாலும் அதிலிருந்து வெடிப்பு ஓடும். பெற்றோலோ தின்னரோ பட்டால் முகம் கறுத்த மாமியார்போல உடனே மங்கிவிடும். கொஞ்சம் தேய்ப்பார், விமானத்தின் சட்டத்தில் வைத்துப் பார்ப்பார், எடுப்பார், திரும்பவும் தேய்ப்பார். கராஜ் குளிர் என்பதால் வேலை முடிந்ததும் கண்ணாடிகளை வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்க வேண்டும். வீட்டில் சூடும் சுத்தமுமான இடம், யாரும் கை போடாத இடம் எதுவென்று பார்த்தால் சாமியறைதான். பெரிதாக எண்ண வேண்டாம். உடுப்பு வைக்கக் கட்டிய சின்ன அறை, சூட்டுக்காற்று வரும் துவாரத்துக்கு மேல் இருக்கிறது. பிள்ளையாருக்கு வலப்புறம் ஒரு யன்னல், இடப்புறம் ஒரு யன்னல் என்று சாத்தி வைத்தார்.

மார்கழி பிறக்கும்போது யன்னல்கள் சட்டத்தில் பிசகில்லாமல் பொருந்தத் தொடங்கிவிட்டன. இந்த மனிதன் முடித்துவிடுவார் என்று எனக்கு முதல்முறையாகத் தோன்றியது.

3

என்னிடம் ஒரே ஒரு ஆயுதம் மிச்சமிருந்தது. காதைப் பிடித்து இழுத்த அதே பூரணம் மதினி. தாய் இல்லாத வீட்டில் தம்பியை வளர்த்தவர். அவர் சொன்னால் என் கணவர் இன்றைக்கும் மறுபேச்சுப் பேசமாட்டார். அமிர்தகழியில் மாமாங்கக் கோயிலுக்குக் கிட்ட இருக்கிறார். நான் தொலைபேசி எடுத்தேன்.

“மதினி, உங்கட தம்பி பறக்கப் போறார்.”

“ஆரு? நம்மட தில்லையா? எங்க பறக்கப் போறான்?”

“வீட்டுல செஞ்ச பிளேன்ல. ஒருக்கா வந்து அந்தக் காதப் புடிங்க மதினி.”

“வாறன் புள்ள. நீ விசாக் கடுதாசிய அனுப்பு,” என்றார்.

விசா எடுக்கப் பட்ட அலைச்சலைத் தனியாக எழுதலாம். அதைவிடப் பெரிய கூத்து இங்கே விமான நிலையத்தில் நடந்தது. வந்த நோக்கம் என்ன என்று அதிகாரி, தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேட்டிருக்கிறார். தம்பி வீட்டைப் பார்க்க வந்தேன் என்று சொல்லும்படி நான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். மதினி பொய் சொல்லமாட்டார். “தம்பி வீட்டுல பிளேன் ஒண்டு செய்யிறான். அத நிப்பாட்ட வந்தன்,” என்று சொல்லிவிட்டார். அதைத் திரும்பச் சொல்லும்படி மொழிபெயர்ப்பாளர் இரண்டு தரம் கேட்டாராம்.

வெளியே காத்து நின்ற எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். என் கணவர் அவசரம் அவசரமாகத் தன் கைத்தொலைபேசியில் இருந்த படங்களைக் காட்டினார். அதிகாரி ஒன்றைப் பார்த்தார், அடுத்ததைத் தட்டினார், பிறகு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு எஞ்சின் என்ன வகை என்று விசாரிக்கத் தொடங்கினார். அவருக்கும் ஒன்று செய்ய ஆசையாம், மனைவி விடவில்லையாம். மதினி பயணப் பையின்மேல் இருந்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் சிரித்த முகத்தோடு முத்திரை குத்தி அனுப்பினார்கள்.

அடுத்தநாள் காலையில் சேலைக்குமேல் என் குளிர்ச்சட்டையைப் போட்டு, தலையில் மதுராவின் பழைய கம்பளித் தொப்பியோடு மதினி கராஜுக்குள் இறங்கினார். நான் பின்னால் போனேன், சண்டையைப் பார்க்கிற ஆசையில். மதினி விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். நடுவிரலை மடக்கி அதன் வயிற்றில் தட்டினார்.

“இதென்னடா தம்பி, பைபர்தானே?”

“ஓம் அக்கா. பைபர்தான்.”

“நீ அந்த நாளையில வாடியில செஞ்சியே, அந்தச் சாமானா?”

“அதேதான் அக்கா.”

இளவயதில் அவர் வாவிக்கரையில் பைபர் படகு செய்யும் இடமொன்றில் வேலை செய்தவர். மதினியின் முகம் தெளிந்துவிட்டது. “அப்ப என்னத்துக்கு இவள் பயந்து சாகிறாள்? நீ செஞ்ச போட்டு ஒண்டாவது ஆத்துக்குள்ள தண்ணி ஏறித் தாண்டு போச்சா?”

“மதினி! போட்டு தாண்டா நீந்தி வரலாம். இது மேலயிருந்து விழுந்தா?” என்றேன்.

“மேல போனது கீழ வரத்தானே வேணும் புள்ள. பயப்படாத,” என்றார்.

அன்று மத்தியானமே தம்பிக்குப் பிடித்த மீன்குழம்பு வைத்து, கராஜுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். காசு செலவழித்து நான் வரவழைத்த ஆயுதம் எதிரி முகாமில் போய்ச் சேர்ந்துவிட்டது.

4

யன்னல் ஒட்டுவதற்கு ஒரு சனிக்கிழமை குறித்தார்கள். பசை கலந்துவிட்டால் நின்று யோசிக்க நேரமில்லை, அதற்கு ஆட்கள் வேண்டும் என்று என் கணவர் மதுராவையும் வரச் சொல்லியிருந்தார். அவள் நாலு மணிநேரத் தூரத்தில் வேறு நகரத்தில் வேலை செய்கிறாள். தீபாவளிக்கு வரவில்லை, பொங்கலுக்கு வரவில்லை. தொலைபேசியில் என்னோடு பேசினால் சாப்பிட்டியா, சாப்பிட்டேன், அதோடு சரி. அப்பாவோடு மட்டும் அரைமணி நேரம் ஆங்கிலத்தில் பேசுவாள், எல்லாம் விமானத்தைப் பற்றி. ஒட்டுவதற்கென்று லீவு எடுத்து வருகிறாள் என்று கேட்டபோது எனக்குச் சந்தோசமும் எரிச்சலும் ஒன்றாக வந்தன.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர் யன்னல்களை ஒருமுறை சரிபார்க்கச் சாமியறைக்குப் போனார். “பவளம்!” என்று ஒரு சத்தம். நான் அகப்பையோடு ஓடினேன்.

வலப்பக்க யன்னலில், கீழ் மூலையில், பாதுகாப்புக்கு ஒட்டியிருந்த மெல்லிய தாளை உரித்துவிட்டு, கடலைப்பருப்பு அளவில் ஒரு கறுப்புப் பொட்டு வைக்கப்பட்டிருந்தது. கைப்பிள்ளையின் கன்னத்தில் வைப்போமே, அப்படி ஒரு ஓரமாக, நல்ல வட்டமாக.

மதினி பின்னால் வந்து நின்றார். முகத்தில் ஒரு குற்றமும் இல்லை.

“என்னகா இப்பிடிக் கத்துறான்? நான்தான் வச்சன். ஒரு மறுவில்லாம இவ்வளவு வடிவா இரிக்கி. நாவூறு படாதா?”

“எதால வச்சீங்க மதினி?” என்று கேட்டேன்.

“முதல் கண்மைதான் வச்சன். வழுக்குது, நிக்கல்ல. மறுகா மதுராட அறையில ஒரு குப்பி கிடந்திச்சு, கறுத்தச் சாந்து. அது நல்லா ஒட்டிட்டு.”

பள்ளிக்கூடக் காலத்தில் மதுரா ஒரு வருடம் கறுப்பு உடுப்பு, கறுப்பு நகம் என்று திரிந்தாள். அந்தக் காலத்து நகப்பூச்சு. எங்கள் ஆய்வுகூடத்தில் நகப்பூச்சு பூசிய கையோடு யாரும் அக்ரிலிக்குக்குக் கிட்ட வந்தால் நானே துரத்திவிடுவேன். அது மேலே ஒட்டிக்கொண்டு நிற்கிற சாமான் இல்லை, உள்ளே தின்றுகொண்டு போகிற சாமான்.

என் கணவர் குளியலறைக்கு ஓடினார். நகப்பூச்சு அகற்றுகிற திரவப் போத்தலோடு திரும்பி வந்தார். நான் வழியை மறித்தேன்.

“தொடாதீங்க! அத ஊத்தினீங்க எண்டா முழுக் கண்ணாடியும் வெளுத்துப் போயிரும்!”

அப்படியே நின்றார். பிறகு போத்தலைக் கீழே வைத்துவிட்டு, விரல் நுனியால் மெல்லச் சுரண்டினார். பொட்டு உரிந்து வந்தது. அது இருந்த இடத்தில், அதே வட்டத்தில், வெள்ளையாக ஒரு தழும்பு. அவர் பிள்ளையாருக்கு முன்னால் தரையில் இருந்துவிட்டார். புதிதாக ஒன்று எடுப்பதென்றால் செய்கிற இடத்தில் முறை வந்து, அனுப்பி, எல்லையில் வரி கட்டி, திரும்பவும் தேய்த்துப் பொருத்தி, அடுத்த குளிர்காலம் வந்துவிடும்.

“கெட்டுப்போச்சாடா தம்பி?” என்று மதினி கேட்டார். இப்போதுதான் அவருக்கு விளங்கத் தொடங்கியது. “நான் பவளத்துட பக்கத்து யன்னலுக்குத்தானே வச்சன். நீ பிளேன் ஓடுறவன், உன்ட கண் வழியில இரிக்கும். இவள்தான் சும்மா வெளியால பாத்துக்கிட்டு இரிப்பாள். ஆக்கள்ற கண்ணெல்லாம் இவள்லதானே படும்.”

நான் அந்தச் சீற்றில் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருக்க, இந்த மனுசி என்னை அதில் ஏற்றி, நாவூறும் கழித்துவிட்டிருக்கிறார்.

“இல்லக்கா, கெடல்ல,” என்றார் அவர். எழுந்து அக்காவின் தோளில் கை வைத்தார். “கொஞ்சம் சுணங்கும், அவ்வளவுதான். நீ நல்லதுக்குத்தானே செஞ்சாய்.”

5

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோசமாக இருந்தது. கேட்காமலே ஒரு வருடம் கிடைத்திருக்கிறது. யார்மீதும் பழியில்லை, நான் ஒரு வார்த்தை பேசத் தேவையில்லை, பேசாமல் மீனைப் பொரித்தால் போதும்.

ஆனால் அந்தத் தழும்பை எடுக்கலாம் என்று எனக்குத் தெரியும். அந்த ஆழத்துக்கு ஒரு கறையோ கீறலோ பல்லுச் செட்டில் இருந்தால் அரைநாளில் எடுத்துவிடுவோம். நனைத்த உப்புத்தாளால் தேய்த்து, அடுத்து அதைவிட நைசான தாள், அடுத்து அதைவிட நைசு, பிறகு நுரைக்கல் மாவு, கடைசியில் மெருகுப் பசை. பளிங்குபோல் வரும். அவருக்கு இது தோன்றவே இல்லை. பல்லுச் சாமான் வேறு, ஆகாயச் சாமான் வேறு என்று அவரே முடிவு கட்டிவிட்டாரே.

சாப்பாட்டில் அவர் அக்காவைச் சிரிக்கவைக்கப் பார்த்தார். இலங்கையில் விமானம் செய்திருந்தால் ஒட்டுத்தாளுக்குப் பதிலாக எலுமிச்சம்பழம் கட்டச் சொல்லிச் சட்டம் போட்டிருப்பார்கள் என்றார். மதினி சிரிக்கவில்லை, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு என் கணவர் தொலைபேசியைச் சத்தமாகக் கேட்கும்படி மேசையில் வைத்து மதுராவுக்கு எடுத்தார்.

“மதுரா, நாளைக்கு வர வேணாம். யன்னல்ல ஒரு பிழ வந்திட்டு. ஒட்ட ஏலா.”

மதுரா தமிழில் கேட்டாள். அவள் தமிழில் பேசினால் ஏதோ பெரிய விசயம் என்று அர்த்தம்.

“அப்ப நான் வரவே வேணாமா அப்பா?”

“கண்ணாடி இல்லாம நீ வந்து என்னத்தச் செய்யப் போறாய்?” என்றார் அவர். கேலியாகச் சொல்ல நினைத்தார், குரல் ஒத்துழைக்கவில்லை.

“ஓகே அப்பா,” என்றாள். ஆனால் தொலைபேசியை வைக்கவில்லை. இவரும் வைக்கவில்லை. விமானத்தைத் தவிரப் பேச இவர்களுக்கு வேறொன்றும் இல்லை, அது இப்போது இல்லாமல் போய்விட்டது. இரண்டு பேரும் இரண்டு முனையில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

“அவள வரச் சொல்லுங்க,” என்றேன். “கண்ணாடிய நான் சரியாக்கித் தாறன்.”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள், ஒருத்தி தொலைபேசிக்குள்ளிருந்து.

“உனக்கெப்பிடி?” என்றார்.

“பல்லுச் சாமான்தானே,” என்றேன்.

அடுத்தநாள் விடிந்ததும் வேலைத்தலத்துக்குப் போய் என் மேசையிலிருந்த சாமான்களை எடுத்து வந்தேன். சமையலறை மேசையில் துவாய் விரித்து, யன்னலை அதன்மேல் படுக்க வைத்தேன். முதல் தாளால் ஒரு இழுப்பு இழுத்ததும் என் கணவர் ஐயோ என்று கண்ணை மூடிக்கொண்டார். வட்டம் இருந்த இடம் மட்டுமல்ல, உள்ளங்கை அகலத்துக்கு எல்லாம் வெள்ளைப் புகைபோல் ஆகிவிட்டது. இன்னும் மோசமாக்குகிறேன் என்று அவர் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. அவரைக் கராஜுக்குப் போய் ஹீட்டரைப் போடச் சொன்னேன். நான் பல்லுச் செட் செய்யும்போதும் பக்கத்தில் நின்று பார்க்க யாரையும் விடுவதில்லை.

மதினி மட்டும் கிட்ட நின்றார். “நான் வச்சத அழிக்கிறியே புள்ள,” என்றார் மெதுவாக.

“அழிச்சாத்தான் மதினி ஒட்டலாம்.”

“அப்ப நாவூறுக்கு என்ன செய்யிற?”

நான் யோசித்தேன். இதில் விட்டுக்கொடுக்காவிட்டால் அவர் ஊருக்குப் போயும் தூங்கமாட்டார் என்று தெரிந்தது. “பிளேனுக்கு வேணாம். பிளேன ஓடுறவருக்கு வைங்க,” என்றேன்.

நுரைக்கல் மாவை நனைத்துத் துணியால் சுற்றிச் சுற்றித் தேய்க்கத் தேய்க்க, புகை விலகியது. மத்தியானத்துக்குள் யன்னலின் மறுபக்கத்தில் மேசையின் பூப்போட்ட விரிப்பு தெளிவாகத் தெரிந்தது. அவர் வந்து குனிந்து, நிமிர்ந்து, வெளிச்சத்தில் பிடித்து, சரித்துப் பார்த்தார். தழும்பு எங்கே இருந்தது என்று அவருக்கே தெரியவில்லை. என்னைப் பார்த்தார். அப்போது அவருடைய இடக்கன்னத்தில் கண்மையால் வட்டமாக ஒரு பொட்டு இருந்தது. ஐம்பத்தைந்து வயது ஆள்.

6

மதுரா வந்து இறங்கியதும் அப்பாவின் கன்னத்தைப் பார்த்தாள். மதினி அவளையும் பிடித்து ஒன்று வைத்துவிட்டார். அதற்கும் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள் என்பது எனக்கு ஆச்சரியம்.

பசை இல்லாமல் முதலில் ஒத்திகை பார்த்தார்கள். யன்னல் உள்ளே இருந்து வெளியே தள்ளிப் பொருந்துகிற மாதிரி. விளிம்பை நாடாவும் கவ்வியும் பிடித்துக்கொள்ளும், ஆனால் நடுவில் கவ்வி எட்டாது. அது இறுகும்வரை ஒரு ஆள் உள்ளே இருந்து கையால் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும், வெளியே ஒருவர் நின்று மட்டம் பார்த்து, பிதுங்குகிற பசையைத் துடைக்க வேண்டும். என் கணவர் உள்ளே ஏறினார். அவருடைய வயிறும் ஓட்டுகிற தடியும் சமரசத்துக்கு வரவில்லை. மதுரா அப்பாவைப்போல வளர்த்தி, தலை இடித்தது. மதினிக்கு முழங்கால் மடங்காது.

“விலகுங்க,” என்றேன். கை உறையைப் போட்டுக்கொண்டு இடப்பக்கக் கதவால் ஏறி, நகர்ந்து, வலப்பக்கச் சீற்றில் போய் இருந்தேன். என் அளவுக்குச் செய்ததுபோலத்தான் இருந்தது. எதிரே அரசாங்கத்தின் ஒட்டுத்தாள்.

“அம்மா,” என்றாள் மதுரா, “நீங்க உள்ளுக்க இருக்கிறீங்க.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனால் அவள் பசைத் துப்பாக்கியை அழுத்தத் தொடங்கிவிட்டாள். அந்தப் பசையின் மணம் என் வேலைத்தலத்து மணமேதான். அவர்கள் மூன்று பேரும் மூக்கைச் சுளித்தார்கள், எனக்குச் சொந்த இடத்துக்கு வந்ததுபோல் இருந்தது. விளிம்பைச் சுற்றி ஒரே அளவாகப் பசை ஓடியது. யன்னலை வைத்தோம். நான் இரண்டு உள்ளங்கையாலும் தள்ளினேன். மதினி நாடாவைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தார், என் கணவர் ஒட்டினார். கொஞ்சநேரம் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினோம், அதன்பிறகு வேலை ஓய்ந்தது.

“இனிக் கை எடுக்கப்படாது. இறுகும்வரைக்கும் அப்பிடியே இரி,” என்றார்.

மதினியும் மதுராவும் தேநீர் போட வீட்டுக்குள் போனார்கள். மதுரா மதினியிடம் ஏதோ கேட்க, மதினி சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் உள்ளே அழுத்திக்கொண்டிருந்தேன். அவர் வெளியே, அதே இடத்தில் எதிர்ப்பக்கமாக உள்ளங்கையை வைத்து மட்டம் பார்த்தபடி நின்றார். எங்கள் இருவருக்கும் நடுவில் இரண்டு நாணயத் தடிப்பில் அக்ரிலிக். முகம் முகத்துக்கு நேரே இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இவ்வளவு நேரம் இவரை நேராகப் பார்த்துக்கொண்டு இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

“இஞ்ச பாருங்க,” என்றேன். கதவு திறந்திருந்ததால் கேட்டது. “எனக்குப் பயமா இரிக்கி. பகிடிக்குச் சொல்லல்ல. இந்தச் சீற்றுல இரிக்கக்குள்ளேயே நெஞ்சு அடிக்கிது.”

“தெரியும்,” என்றார்.

“தெரிஞ்சுமா இவ்வளவு வருசமாக் கேட்டீங்க?”

அவர் பிதுங்கிய பசையை விரலால் வழித்தார். துணியில் துடைத்தார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“இந்தக் கண்ணாடிய நான் ஏன் இவ்வளவு காலம் தள்ளிக்கிட்டு வந்தன் எண்டு நினைச்சாய்?”

“வெடிச்சிரும் எண்டு பயத்துல.”

“கண்ணாடி என்ன கண்ணாடி. வெடிச்சா வேற ஒண்டு எடுக்கலாம்.” இப்போது நிமிர்ந்து பார்த்தார். கன்னத்துப் பொட்டு வியர்வையில் கொஞ்சம் கசிந்திருந்தது. “கண்ணாடி போட்டு முடிஞ்சா, மறுகா செய்ய ஒரு வேலையும் இல்ல பவளம். பறக்கத்தான் வேணும். எனக்கும் பயம்தான்.”

நான் இதை எதிர்பார்க்கவில்லை. ஒரே யன்னலுக்குப் பின்னால் நான் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாக இவ்வளவு வருடம் ஒளிந்திருந்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது.

“ஆட்டாத, ஆட்டாத, மட்டம் போயிரும்!” என்று கத்தினார், சிரித்துக்கொண்டே. கையை எடுக்கவும் முடியாது, கண்ணைத் துடைக்கவும் முடியாது. கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது.

“அப்ப என்னத்துக்கு என்ன ஏறச் சொல்லிச் சொல்லிக் கேட்டீங்க?”

“தனியப் போக ஏலாதே.”

ஹீட்டர் இரைந்துகொண்டிருந்தது. பசை இறுகிவிட்டதை அவர் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, கையை எடுக்கலாம் என்று தலையசைத்தார். நான் கையை எடுத்தேன். யன்னல் நின்றது. விறைத்துப்போன கைகளை உதறிவிட்டு, சீற்றின் இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தேன்.

“இந்தப் பக்கத்துக்கு பெல்ட்டக் காணல்ல,” என்றேன்.

“நீ எங்க வரப்போறாய் எண்டு பூட்டல்ல.”

“நாளைக்குப் பூட்டுங்க,” என்றேன்.